யாரைக் கேட்டு நியமித்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் அந்தப் பேச்சாளர், வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்காக இருக்கும் கேலடெட் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "காது கேட்காத ஒரு பெண்மணியையே, நீ எங்கள் அளவுக்குக் காது கேளாதவள் இல்லை என்று சொல்லித் துரத்தியவர்கள் இவர்கள். இவர்களிடம் ஒரு நிறுவனத்தைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்." அரங்கம் சிரித்தது, கைதட்டியது. என் தம்பி எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மேடையில் சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டான். அதை நான்தான் அவனுக்குச் சைகையில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் வாஷிங்டனில் நடந்தது, தலைவர் நாற்காலிக்கு ஒருவர் எந்த வழியாக வந்தார் என்பதைப் பற்றிய சண்டை. அந்த நாற்காலிக்கு நியமிக்கப்பட்ட ஜேன் ஃபெர்னாண்டஸுக்கு, பேச்சாளர் சொன்ன அந்தப் பெண்மணிக்கு, எவ்வளவு கேட்கும், எந்த வயதில் சைகைமொழி கற்றார் என்பதெல்லாம் அந்தச் சண்டையின் ஓரத்தில் இருந்தவை. ஓரத்தில் இருந்ததை நடுவில் கொண்டுவந்து வைத்தால் யாருக்கு வசதி? நியமித்தவர்களுக்குத்தான் வசதி.

1988-ஐத் தெரியாமல் 2006 புரியாது. ஆபிரகாம் லிங்கன் 1864-இல் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம் அது. அடுத்த 124 ஆண்டுகள் அதன் தலைவர்கள் அத்தனை பேரும் காது கேட்பவர்கள். 1988 மார்ச்சில் இறுதிப் பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். இருவர் காது கேளாதவர்கள். ஆட்சிக்குழு மூன்றாமவரை, சைகைமொழி தெரியாத எலிசபெத் ஸின்ஸரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வளாகத்தின் வாசல்களை அடைத்தார்கள். பேருந்துகளைக் குறுக்கே நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். காது கேளாத தலைவர் வேண்டும், ஆட்சிக்குழுத் தலைவி ஸ்பில்மன் விலக வேண்டும், குழுவில் 51 சதவீதம் காது கேளாதவர்கள் இருக்க வேண்டும், போராடியவர்களைப் பழிவாங்கக் கூடாது. நான்கே கோரிக்கைகள். ஒரே வாரத்தில் நான்கும் கிடைத்தன. ஸின்ஸர் விலகினார். ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் காது கேளாத தலைவர். காது கேளாதவர்களால் கேட்பதைத் தவிர எல்லாம் செய்ய முடியும் என்று அவர் சொன்னது உலகம் முழுக்கப் போனது. என் தம்பியின் அறைச் சுவரில் ரொம்ப காலம் அந்த வாசகம் ஒட்டியிருந்தது.

இப்போது 2000-க்கு வாருங்கள். அதே ஜோர்டன் தனக்கு அடுத்த இடமான புரோவோஸ்ட் பதவிக்கு ஃபெர்னாண்டஸை நியமிக்கிறார். முறையான தேடல் நடத்தவில்லை, எங்களைக் கேட்கவில்லை என்பது பேராசிரியர்களின் குறை. அந்தக் குறை ஆறு ஆண்டுகள் புகைந்துகொண்டே இருந்தது. ஜோர்டன் ஓய்வை அறிவித்தபோது தலைவர் பதவிக்கு யார் வருவார் என்று வளாகத்தில் எல்லோரும் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். 2006 மே 1 அன்று அவர்கள் பேசிக்கொண்டதே நடந்தது, ஃபெர்னாண்டஸை ஆட்சிக்குழு அடுத்த தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இறுதிப் பட்டியலில் மூன்று பேர். ஆட்சிக்குழுவுக்கே முன்பு தலைவராக இருந்த கிளென் ஆண்டர்சன், கறுப்பினக் காது கேளாத கல்வியாளர், அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. ஏன் என்று மாணவர்கள் கேட்டார்கள். அவர்களைத் திருப்திப்படுத்தும் பதில் வரவில்லை.

வேண்டப்பட்டவரை முதலில் பக்கத்தில் உட்கார வைப்பது, அங்கே அவருக்கு அனுபவம் சேர்ந்த பிறகு "அனுபவம் உள்ளவர் இவர் ஒருவர்தான்" என்று மேலே ஏற்றுவது. இதை நம் ஊரில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்?

நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். தம்பி படித்த காது கேளாதோர் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றதும், தாளாளருக்கு உறவான ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். சைகை தெரியாது. பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதினால் போதும் என்று நினைப்பவர். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளை அதட்டிக்கூடப் பேசமாட்டார். பெற்றோர் கூட்டத்தில் அப்பா எழுந்தார். அப்பா பொதுவாக நாலு பேர் முன்னால் பேசுகிறவர் இல்லை. "என்ன சார், நல்ல மனுஷன்தானே, என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டார்கள். அப்பா, "ஆள் நல்லவரா இல்லையான்னு நான் கேக்கல சார். யாரைக் கேட்டுப் போட்டீங்கன்னுதான் கேக்குறேன்" என்றார். அதற்குப் பிறகு அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் தம்பியைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஆசிரியரின் உதடு தெரியாது. காது கேளாத பிள்ளைக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அந்தப் பேச்சாளருக்குத் தெரியுமா?

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். நீங்கள் எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

"ஃபெர்னாண்டஸே அப்படித்தானே சொன்னார், தான் போதுமான அளவு காது கேளாதவர் இல்லை என்பதால்தான் எதிர்க்கிறார்கள் என்று?" ஆமாம், சொன்னார். பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சுவழியில் வளர்க்கப்பட்டவர், 23 வயதில் சைகைமொழி கற்றவர். அவருடைய சைகையைக் கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். அது தப்பு, வலித்திருக்கும். ஆனால் பேராசிரியர்கள் கூடி வாக்களித்து 82 சதவீதம் பேர் அவர் பதவியேற்கக் கூடாது என்றார்களே, அவர்களில் எத்தனையோ பேர் காது கேட்பவர்கள். அவர்களுமா "நீ எங்கள் அளவுக்கு இல்லை" என்றார்கள்?

"ஜான் மெக்கெய்னே அநியாயம் என்று சொல்லி ஆட்சிக்குழுவிலிருந்து விலகினாரே?" விலகினார். செனட்டர். பெரிய மனிதர். வளாகத்தில் இரவும் பகலும் போராட்டக் கூடாரத்தில் கிடந்தவர் அவரில்லை.

"ஆட்சிக்குழுவில் பெரும்பான்மை காது கேளாதவர்கள்தானே, பிறகென்ன?" இதற்குத்தான் நான் நின்று பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் பேச்சாளரின் வாதம் உடைவது இங்கேதான். 1988-இல் கேட்ட 51 சதவீதம் 2006-இல் இருந்தது. தலைவர் காது கேளாதவர். அடுத்து வரப்போகிறவரும் காது கேளாதவர். அப்படியும் மாணவர்கள் வாசலை மூடினார்கள் என்றால், காது கேளாமை ஒன்றை மட்டும் பார்த்து ஆள் எடுக்கிறவர்களா அவர்கள்? நம்மவர் ஒருவர் மேலே போனால் போதும் என்று அவர்கள் அடங்கிப் போகவில்லை. தங்கள் ஆளையே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஒரு சமூகம் இதைவிட நேர்மையாக எப்படி நடந்துகொள்ள முடியும்? அமெரிக்க அரசு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து நடத்தும் நிறுவனம் அது. ஒரு தலைவர் தன் விருப்பப்படி இன்னொருவருக்குக் கைமாற்றிவிட அது என்ன குடும்பச் சொத்தா?

2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை இரவு. மாணவர்கள் வாசலில் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் வருகிறது. ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 130-க்கும் மேற்பட்டோர் கைது. கையைக் கட்டிவிட்டால் சைகைமொழி பேசுகிறவருக்குப் பேச்சே கிடையாது. இதை யோசித்துப் பாருங்கள், இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். அந்தக் கைதுகளை நடத்தச் சொன்ன நிர்வாகத்தின் தலைவர் ஐ. கிங் ஜோர்டன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே வாசலை மாணவர்கள் மூடியதால்தான் அவர் தலைவரானார். என் தம்பி இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று சுவரிலிருந்த வாசகத்தைக் கிழித்துவிட்டான். நான் தடுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஸ்பில்மன் மீது வராத கோபம் ஜோர்டன் மீது வருகிறது, இன்றும் வருகிறது. அந்தம்மாவுக்கு இவர்கள் யாரோ. இவருக்குத் தெரியும்.

அக்டோபர் 29 அன்று ஆட்சிக்குழு நியமனத்தை ரத்து செய்தது. "அதோடு நிறுவனமே கெட்டுப்போனது, அங்கீகாரத்துக்கே ஆபத்து வந்தது" என்பது கடைசிக் கேள்வி. 2007-இல் அங்கீகார அமைப்பு பல்கலைக்கழகத்தை, குறைகளைச் சரிசெய்யச் சொல்லிக் கண்காணிப்பில் வைத்தது உண்மை. ஆனால் பட்டம் முடித்து வெளியேறும் மாணவர்கள் குறைவு என்ற புகார் போராட்டத்துக்கு முன்பே இருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் அத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர்கள் மாணவர்களா? ராபர்ட் டாவிலா பொறுப்பேற்றார், காது கேளாதவர்தான். 2008-இல் அங்கீகாரம் உறுதியானது. இவர்களிடம் ஒரு நிறுவனத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டீர்களே ஐயா, இதுதான் நடந்தது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். பதிவைத் தம்பியும் படிக்கிறான், அவனும் சொல்வான். "ஃபெர்னாண்டஸ் நல்லவர்தானே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நான் அதைக் கேட்கவேயில்லை.