ஹெலிகாப்டர் கொடுப்பவர் கதையையும் கேட்பார்

போர்ப் படம் என்றாலே நாம் வசனத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம். கொடி பறந்தது, நாயகன் தேசபக்தி பேசினான், எதிரி நாட்டுக்காரனை அரக்கனாகக் காட்டினார்கள், ஆகவே பிரச்சாரம் என்கிறோம். அது பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும். எனக்குப் பயம், கேமராவை எடுத்து வைக்கும் முன்பே திரைக்கதைத் தாளில் நடந்துமுடிகிற வேலையைப் பற்றித்தான்.

1986-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'டாப் கன்' படத்துக்கு அமெரிக்கக் கடற்படை விமானந்தாங்கிக் கப்பலையும் எஃப்-14 போர் விமானங்களையும் கொடுத்தது. பறந்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் பணம் கட்டினார்கள். கூடவே திரைக்கதையையும் காட்ட வேண்டியிருந்தது. முதலில் எழுதியபடி நாயகனின் நண்பன் கூஸ், நடுவானில் விமானங்கள் மோதிச் சாவான். கதையில் விபத்துகள் அதிகம் என்று கடற்படை சொன்னது. விமானத்திலிருந்து வெளியேறும்போது சாவதாக மாற்றினார்கள். கதாநாயகி கடற்படையில் வேலை பார்ப்பவளாக இருந்தாள். அதிகாரி கீழ்ப்பதவியில் இருப்பவளைக் காதலிப்பது விதிக்கு விரோதம் என்றதும் அவள் சிவிலியன் ஆனாள். சின்ன மாற்றங்கள்தான். ஆனால் ராணுவம் கேட்டால் கதை மாறும் என்பது அதில் உறுதியாகிவிட்டது.

அதே வருடக் கடைசியில் 'பிளாட்டூன்' வந்தது. இயக்குநர் ஆலிவர் ஸ்டோன் வியட்நாமில் காலாட்படை வீரராகப் போரிட்டுக் காயம்பட்டவர். கிராமத்து மக்களை அமெரிக்க வீரர்கள் வதைப்பதையும் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்வதையும் எழுதியிருந்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் உதவ மறுத்துவிட்டது. பிலிப்பைன்ஸ் போய் எடுத்தார்கள். படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது உண்மை. ஆனால் அந்தக் கதையை ஸ்டோன் எழுதியது 1976-ல். பத்து வருடம் அதைத் தயாரிக்க ஆளில்லை. போர்க்களத்தில் நின்றவர் சொன்ன கதைக்குப் பென்டகன் ஒரு ஹெலிகாப்டர்கூடக் கொடுக்கவில்லை என்பதை எத்தனை முறை நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

"ராணுவத்தின் சொத்து, யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் இஷ்டம்" என்பார்கள். இல்லை. கப்பலும் விமானமும் மக்கள் வரிப்பணம். புகழ்கிறவருக்குச் சலுகை, கேள்வி கேட்கிறவருக்குக் கதவடைப்பு என்று ஒரு அரசு அதைப் பங்கு பிரிக்கக் கூடாது. விமானம் கிடைக்காது என்று தெரிந்த எழுத்தாளர், யாரும் கேட்காமலே தன் காட்சியைத் தானே அடித்துவிடுவார். அந்தக் காட்சிகளுக்குக் கணக்கே கிடையாது.

பின்லேடன் வேட்டையைச் சொல்லி 2012-ல் வந்த 'ஸீரோ டார்க் தர்ட்டி' இன்னும் கொடுமை. திரைக்கதையாசிரியர் சி.ஐ.ஏ.விடம் கதையைப் பகிர்ந்துகொண்டார். கைதியை நாயை வைத்து மிரட்டும் காட்சியை அவர்கள் ஆட்சேபித்ததும் அது போயிற்று. சித்திரவதையால்தான் பின்லேடன் பற்றிய துப்பு கிடைத்தது என்ற எண்ணம் மட்டும் படத்தில் நின்றது. அது தவறு என்று செனட்டர்கள் ஃபைன்ஸ்டைன், லெவின், மெக்கெய்ன் மூவரும் படத்தை வெளியிட்ட சோனி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மெக்கெய்ன் வியட்நாமில் கைதியாகச் சித்திரவதைபட்டவர். படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தைப் பார்த்திருப்பார்கள்?

இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. ராணுவம் பற்றிய படங்களுக்குத் தன்னிடம் தடையில்லாச் சான்று வாங்கச் சொல்லி 2020-ல் நம் பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்கு எழுதியது. 2022-ல் இயக்குநர் ஒனிரின் திரைக்கதைக்கு அந்தச் சான்று மறுக்கப்பட்டது. ராணுவத்திலிருந்து விலகிய, தன்பாலின ஈர்ப்பாளரான ஒரு மேஜரின் வாழ்க்கையைத் தழுவிய கதை அது. நம் ஊரில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே எழவில்லை.

போர்ப் படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் பார்க்கிறவன்தான். படம் தொடங்கும் முன் புகையிலை எச்சரிக்கை போடுகிறார்களே, அதுபோல ஒரு அட்டை போடட்டும்: எந்தப் படைப்பிரிவு உதவியது, என்ன கொடுத்தது, திரைக்கதையில் எதை மாற்றச் சொன்னது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'நன்றி' என்று பொடி எழுத்தில் போட்டால் போதாது. அப்போது அரங்கில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.