காலும் வயிறும்தான் கதை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் எதிரி விமானப்படைக் கைதிகளை அடைத்து வைத்த ஊர் ஸாகான். அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் கைதிகள் தப்பிக்கத் தோண்டிய சுரங்கம்தான் ஞாபகம் வரும். 1944 மார்ச்சில் 76 பேர் தப்பினார்கள், 73 பேர் மாட்டினார்கள், 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மறக்கக்கூடாத கதைதான். ஆனால் அதே ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து பத்து மாதம் கழித்து ஏறத்தாழ 10,000 விமானப்படைக் கைதிகளை ராத்திரியோடு ராத்திரியாகப் பனியில் நடக்க விட்டார்களே, அதைப் பேச ஆள் குறைவு. சுரங்கத்தில் சாகசம் இருக்கிறது. நடையில் கொப்புளமும் பேதியும்தான். இந்த இரண்டாவது கதையைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

1945 ஜனவரி 12-ல் சோவியத் செம்படை விஸ்டுலா ஆற்றங்கரையிலிருந்து ஜெர்மனியை நோக்கிக் கிளம்பியது. மாதம் முடிவதற்குள் ஓடர் ஆற்றை எட்டிவிட்டது. கைதிகள் ரஷ்யர் கையில் கிடைக்கக்கூடாது என்று 27-ஆம் தேதி இரவு ஸாகானைக் காலி செய்ய உத்தரவு வந்தது. கைதிகளை நடத்திக்கொண்டு போனால் நாளுக்கு 20 கிலோமீட்டர்தான் வழக்கம் என்கிறது 1929 ஜெனீவா ஒப்பந்தம். முதலில் கிளம்பிய, முகாமின் தெற்குப் பிரிவுக் கைதிகளை முஸ்காவ் என்ற ஊர் வரை 55 கிலோமீட்டர், இடையில் கொஞ்சம் ஓய்வு மட்டும் கொடுத்து, நடத்தினார்கள்.

யார் தாக்குப்பிடிப்பார் என்பதைப் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரமே முடிவு செய்தது. என்ன தூக்குவது, எதை விடுவது? செஞ்சிலுவைச் சங்கப் பார்சல் ஒன்று சுமார் 5 கிலோ. கிளிம் பால்பவுடர் டின், ஸ்பாம் என்ற பன்றியிறைச்சி டின், மாட்டிறைச்சி டின், மார்கரின், உலர்திராட்சை, சர்க்கரை, கெட்டிச் சாக்லேட், காபி, சோப்பு, சிகரெட். வாசலில் பார்சல் கொடுத்தபோது பலர் சாக்லேட்டையும் சிகரெட்டையும் உருவிக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையோரம் வீசினார்கள். முட்டாள்தனம் இல்லை. டின் உணவில் பாதி எடை தகரமும் தண்ணீரும். குளிரில் உறைந்ததைச் சூடாக்க வழியும் கிடையாது. சோப்பையும் காபியையும் வைத்துக்கொண்டவன்தான் கெட்டிக்காரன். வழியில் ஜெர்மன் கிராமத்துக்காரர்களிடம் ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும் வெந்நீருக்கும் அதுதான் காசு.

பை கிடையாது. பேன்ட்டின் இரண்டு கால்களையும் முடிந்து தோளில் மாட்டினார்கள். கம்பளியைச் சுருட்டிக் குறுக்கே போட்டார்கள். படுக்கைப் பலகைகளை ஆணியடித்துச் சறுக்குவண்டி செய்தவர்கள் உண்டு, அடியில் கிளிம் டின்னை வெட்டி அடித்த தகரம், இழுக்க பெல்ட். பனி கெட்டியாக இருந்தவரை அருமை. வயசான காவலர்களே தங்கள் மூட்டையை அதில் ஏற்றிக்கொண்டார்கள். முஸ்காவில் பனி உருகியது, சாலை சேறானது, வண்டிகள் அங்கேயே குப்பையாயின. வண்டியை நம்பித் தோள்பை கட்டாதவர்கள் எல்லாவற்றையும் மறுபடி பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த 26 கிலோமீட்டர் ஸ்ப்ரெம்பெர்க் ரயிலடி வரை சுமந்தே போனார்கள்.

குளிரைவிட ஈரம் மோசம். நனைந்த காலுறையைச் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துத்தான் காய வைக்க முடியும். பூட்ஸைக் கழற்றினால் இரவில் கல்லாக உறையும், கால் வீங்கிக் காலையில் உள்ளே போகாது. கழற்றாவிட்டால் ஈரத்திலேயே தோல் அழுகும். கழற்றிக் கம்பளிக்குள் கட்டிப்பிடித்துத் தூங்குவதுதான் நடுவழி. இரண்டு மூன்று பேர் கம்பளிகளைச் சேர்த்துப் போர்த்துப் படுத்தார்கள். நடுவில் படுக்கும் பாக்கியம் முறைவைத்து.

குரோஸ் டிஷோவ் என்ற இன்னொரு விமானப்படைக் கைதி முகாமின் கதை இன்னும் கொடுமை. பிப்ரவரி 6-ல் கிளம்பி 86 நாள், சுமார் 800 கிலோமீட்டர், பெரும்பாலும் வைக்கோல் கொட்டகைகளில் தங்கல். அங்கே ஆளைச் சாய்த்தது சீதபேதி. முன்னால் போன கூட்டம் மலம் கழித்த ஓரத்துப் பனியையும் ஓடைத் தண்ணீரையும் பின்னால் வந்தவன் குடித்தான். மருந்து என்றால் அடுப்புக்கரி. ஸ்ப்ரெம்பெர்க்கிலிருந்து போனவர்களுக்கும் ரயில் சுகமில்லை. 40 பேர் அல்லது 8 குதிரைகள் என்று எழுதிய சரக்கு வேகனில் 50 பேருக்கு மேல் அடைத்துக் கதவைப் பூட்டினால், பேதிக்காரன் எங்கே போவான்?

விடுதலையும் டாங்கி வந்து கதவை உடைத்ததோடு முடியவில்லை. ஏப்ரல் 19-ல் கிரெஸ்ஸே கிராமத்தருகே நடந்துகொண்டிருந்த கைதிகளை ஜெர்மன் படை என்று நினைத்துப் பிரிட்டிஷ் டைஃபூன் விமானங்களே சுட்டன. பத்து நாள் கழித்து, 29-ஆம் தேதி, ஸாகான் கைதிகளில் பலரை ரயிலில் கொண்டுபோய் அடைத்த மூஸ்பர்க் முகாமை அமெரிக்க 14-ஆவது கவசப் படைப்பிரிவு பிடித்தபோது, 10,000 பேருக்குக் கட்டிய அந்த இடத்தில் 70,000-க்கும் மேல் கிடந்தார்கள்.

நடந்தே தீர வேண்டியிருந்ததா? பால்ட்டிக் கரையில் பார்த் முகாமில் சுமார் 9,000 பேர். அங்கேயும் கிளம்பச் சொன்னார்கள். மூத்த அமெரிக்க அதிகாரி ஹியூபர்ட் ஸெம்கே முடியாது என்றார். காவலர்கள்தான் இரவோடு இரவாகக் கிளம்பிப் போனார்கள், பின்னாலேயே ரஷ்யர்கள் வந்தார்கள், மே நடுவில் பி-17 விமானங்கள் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டன. ஸாகான்காரர்களுக்குத் துணிச்சல் போதவில்லை என்று இதை வைத்துச் சொல்பவர்களை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜனவரியில் காவலனுக்கு மேலதிகாரி இருந்தான். ஏப்ரல் கடைசியில் யாரும் இல்லை.

அப்புறம் சாப்பாடு. மாதக்கணக்கில் சுருங்கிய வயிற்றில் கொழுப்பும் இறைச்சியும் விழுந்தால் வாந்தி, வயிற்றுவலி, மறுபடி பேதி. பிரான்ஸில் லே ஆவ்ர் துறைமுகத்துப் பக்கம் இருந்த லக்கி ஸ்ட்ரைக் முகாமில் மீட்கப்பட்டவர்களுக்கு முதலில் பேன் மருந்துப் பொடி, பிறகு மென்மையான சாப்பாடு, குவளையில் முட்டை அடித்துக் கலந்த பால். வெள்ளை ரொட்டியைக் கடித்தவர்கள் அதைக் கேக் என்றே நினைத்தார்கள்.