உஹதை எடுத்து யாரையும் அடிக்காதீர்கள்

உஹது போரில் நபி (ஸல்) நிறுத்திய வில்வீரர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) பேசிய அந்த ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமை உரை) வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை. அவர்களை அப்படி மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) நின்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

நடந்ததை யார் மறுத்தார்கள்? ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம். 50 வில்வீரர்களைக் குன்றில் நிறுத்தி, எங்களைப் பறவைகள் கொத்திச் செல்வதைக் கண்டாலும் நகராதீர்கள் என்றார்கள் நபி (ஸல்). எதிர்த்து வந்த மக்காவின் குறைஷிகள் பின்வாங்கியதும் வில்வீரர்களில் பெரும்பாலோர் கனீமத்துக்காக (போரில் கிடைக்கும் பொருளுக்காக) இறங்கிவிட்டார்கள். தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தடுத்தும் கேட்கவில்லை. அப்போது எதிரணியில் இருந்த காலித் இப்னு வலீதின் குதிரைப்படை பின்பக்கமாகப் பாய்ந்தது. முஸ்லிம்களில் 70 பேர் ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகம் செய்தார்கள்). அவர்களில் ஒருவரான முஸ்அப் (ரலி) அவர்களுக்குக் கஃபன் துணி (உடலைப் போர்த்தும் துணி) போதவில்லை. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. கடைசியில் காலில் இத்கிர் என்னும் புல்லைப் போட்டு அடக்கினார்கள்.

இத்தனை இழப்புக்குப் பிறகு அல்லாஹ் என்ன சொன்னான்? உங்களில் இவ்வுலகை விரும்பியவர்களும் இருந்தார்கள் என்று குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம் 152ஆம் வசனம் கண்டிக்கிறது. அதே வசனம்தான் உங்களை மன்னித்துவிட்டான் என்றும் சொல்கிறது. பாதியை ஓதினீர்களே, மீதியை ஏன் விட்டீர்கள்? 159ஆம் வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசியுங்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பதுதான் நபிகளாரின் எண்ணம். ஆர்வத்தோடு வெளியே போகச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் உஹதுக்கே போனார்கள். அது இப்படி முடிந்த பிறகும், இனி யாரையும் கேட்காதீர்கள் என்று வசனம் இறங்கவில்லை. மன்னிக்கச் சொல்லி இறங்கியது. கலந்து பேசச் சொல்லி இறங்கியது.

கட்டுப்பாடு வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆலிமைக் குறை சொல்லலாமா என்பீர்கள். அவர்களிடம் ஓதி வளர்ந்தவன் நான். மரியாதை அணுவளவும் குறையவில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

எங்கள் மஹல்லா (பள்ளிவாசல் ஜமாஅத்) கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குக் கேட்டேன். "உஹதில் தலைமைக்குக் கட்டுப்படாதவர்கள் கதி தெரியாதா?" என்று ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்த என் வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். அல்லாஹ்வின் தூதருடைய கட்டளையும் நிர்வாகக் குழுவின் விருப்பமும் ஒன்றா? கேட்டவன் வாயை அடைக்கத்தானா 70 ஷஹீதுகளின் இரத்தம்?

உஹதில் நபிகளாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷிக்கும் பிறகு இஸ்லாத்தில் இடம் கிடைத்தது. அன்று எதிர்த்து வந்த காலித், பின்னர் இஸ்லாத்தை ஏற்று அல்லாஹ்வின் வாள் ஆனார். கணக்குக் கேட்கும் நம் பிள்ளைகளுக்குக் கூட்டத்தில் ஒரு பாய் விரிக்க இடமில்லையா?