அம்மாவின் கைக்குப் பழகிய சுவிட்ச்

விளக்கைப் போனிலிருந்தும் போட்டு அணைக்க, பழைய சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, போர்டுக்குள் அதன் பின்னால் மறைத்து வைக்கும் சின்ன ரிலே மாட்யூல் (தானாகச் சுவிட்ச் போடும் கருவி) ஒன்றைப் போன வாரம் வீட்டில் மாட்டினோம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இதற்கு முன் வாங்கிய இரண்டையும்விட இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முதலில் வாங்கியது ஸ்மார்ட் பல்ப். அதற்கு எந்நேரமும் கரண்ட் இருக்க வேண்டும். அம்மா காலகாலமான பழக்கத்தில் படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுவார். அப்புறம் போனில் எத்தனை முறை தட்டினாலும் பல்ப் எரியாது. சுவிட்ச் மேல் டேப் ஒட்டி வைத்தோம். ஒரு நாள் நடுராத்திரி கரண்ட் போய் வந்ததும் பல்ப் தானாக முழு வெளிச்சத்தில் எரிந்தது. அம்மா பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாளே கழற்றிவிட்டேன்.

அடுத்தது கண்ணாடி டச் பேனல். பார்க்க அழகு. ஆனால் இருட்டில் தடவினால் எல்லாம் ஒரே வழவழப்பு, எது எந்த விளக்கு என்று விரலுக்குத் தெரியாது. கண்புரை உள்ளவருக்கு இதைக் கொடுப்பது நியாயமே இல்லை.

மாட்யூலில் அந்தத் தொல்லை இல்லை. சுவிட்சைத் தட்டினாலும் எரியும், போனிலும் எரியும். கரண்ட் திரும்பும்போது விளக்கு அணைந்தே இருக்கட்டும் என்று அமைத்தும் வைக்கலாம்.

மாட்யூல் இயங்க நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், பெரும்பாலும் தேவைப்படும். வாங்கும் முன் அது போர்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பல சமயம் இருக்காது. நியூட்ரல் தேவைப்படாத வகைகளும் உண்டு. அவை பல்ப் வழியாகவே கொஞ்சம் கரண்டை இழுத்துக்கொள்வதால், சின்ன எல்இடி பல்புகள் அணைத்த பிறகும் மினுங்கலாம்.

இன்னொன்று, நெட் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் வேலை செய்யுமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி ஸ்மார்ட் சுவிட்சுகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் திடீரென்று சர்வர்களை நிறுத்தியபோது, அதன் ஆப்பை நம்பியிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்த, பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்கும் பொதுவான மேட்டர் (Matter) தரத்தில், கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய்ச் சேரும். மேட்டர் முத்திரை உள்ளதாகவே நான் தேடி வாங்கினேன்.

ஃபேனுக்கு இதை மாட்டவில்லை. ரிலே போடும், அணைக்கும், அவ்வளவுதான். வேகத்துக்கு ரெகுலேட்டர் வேண்டும்.

அடுத்து மாடிப்படி விளக்கு. மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். அந்த மாதிரி இடத்தில் யாராவது மாட்டியிருந்தால், ஒயரிங்கை எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.