கெளுத்தியும் வேணும், கௌதமரும் வேணும்

எங்க படிப்பகத்தோட தமிழ் முகவரி லிங்க் திறக்கலைங்கிறதுக்கு நேத்து அந்த குரூப்ல ஒருத்தர் எழுதினதைப் பாத்திருப்பீங்க. "யூனிகோட் நார்மலைசேஷன் எல்லாத்தையும் சரி பண்ணிடும், இவங்களுக்குத்தான் டைப் அடிக்கத் தெரியல." கீழே ஏகப்பட்ட சிரிப்பு எமோஜி. சரி, பொறுமையா சொல்றேன். நார்மலைசேஷன்னா, ஒரே எழுத்தை ரெண்டு விதமா அடிச்சாலும் கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள ஒரே குறியீடா மாத்திக்கிறது.

எங்க படிப்பகத் தளத்தோட பேரு கௌதமர்னு ஆரம்பிச்சு .இந்தியான்னு முடியும். டியூஷன் அட்மிஷன் லிங்கை ஏரியா வாட்ஸ்அப்ல அடிச்சுப் போட்டவர் எங்க சித்தப்பா. வண்ணாரப்பேட்டை இன்ஸ்டிட்யூட்ல தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவர். அவர் கத்துக்கிட்ட மிஷின்ல கொம்பு, க, ள அடிச்சா கௌ. போன்லயும் கைப்பழக்கத்துல 'ள' போட்டுட்டாரு. கண்ணுக்கு கெளதமர், கௌதமர் ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு வேற வேற பேரு, அதனால லிங்க் திறக்கல. காசிமேட்டுல இருந்து அம்மாங்க போன் மேல போன். "இன்னா தம்பி, அட்மிசன் முடிஞ்சிச்சா?"

நார்மலைசேஷன் என்ன பண்ணும்? எ-கொம்பையும் காலையும் தனித்தனியா அடிச்சாலும் 'ொ'வா சேர்த்துடும். ஔகாரத்துக்குன்னே இருக்கிற ௗ குறியை அடிச்சிருந்தா அதையும் 'ௌ' ஆக்கியிருக்கும். ஆனா 'ள'ங்கிற எழுத்தைத் தொடாது. தொடவும் கூடாதுங்க! தொட்டா கெளுத்தி மீனும் வெள்ளிக்கிழமையும் நாசம். சேர்த்தா கெளுத்தி போச்சு. சேர்க்கலைன்னா எவனாவது 'ள' போட்ட அந்த இன்னொரு கெளதமரைத் தன் தளத்துக்குப் பேரா வாங்கி, எங்க பேர்ல ஃபீஸ் வசூல் பண்ணுவான். ஸ்ரீ கதையும் இதேதான். ஸ போட்டு ஒண்ணு, ஶ போட்டு ஒண்ணு, பாத்தா ஒரே ஸ்ரீ.

இதுல டைப் அடிச்சவர் குத்தம் எங்க வந்துச்சு? பேரைப் பதிவு பண்றவங்க, ஒண்ணு போல இருக்கிற ரெண்டையும் ஒரே ஆளுக்குக் கட்டி வைக்கணும், இல்ல இன்னொண்ணைப் பூட்டணும். சீன, ஜப்பான், கொரிய எழுத்துக்கு இந்த வழியை 2004லயே எழுதி வெச்சுட்டாங்க. ஜெர்மன்ல எஸ்செட்னு (ß) ஒரு எழுத்து, அதை இணைய முகவரிக்கான 2003 விதி ரெண்டு எஸ்ஸா (ss) மாத்துச்சு. 2010ல வந்த விதி அது தனி எழுத்துதான்னு ஒத்துக்கிச்சு. அவங்களுக்காக விதி வளையும். நமக்குன்னா மட்டும் டைப்பிங் கிளாஸ்.

"பேசாம இங்கிலீஷ்ல வெச்சிருக்கலாமே"ன்னு வருவீங்க. கௌதமுக்கு இங்கிலீஷ்ல எத்தனை ஸ்பெல்லிங்னு உங்க ஆபீஸ் கௌதம்களையே கேளுங்க. 2017ல ஒரு ஆராய்ச்சியாளர் ஆப்பிள் பேரை, பாக்க இங்கிலீஷ் மாதிரியே இருக்கிற சிரிலிக் (ரஷ்ய மொழி எழுதுற) எழுத்துலயே முழுக்கப் பதிவு பண்ணிக் காட்டினாரு. அப்ப எந்த அறிவாளியும் "அமெரிக்காக்காரனுக்குப் படிக்கத் தெரியல"ன்னு சொல்லல. பிரவுசரைத் திருத்தினாங்க.

வடசென்னைக்கு எதுக்குத் தமிழ் டொமைன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. அதுக்குப் பதில் சொல்ற அளவுக்கு எனக்கு நல்ல வார்த்தை வரல. அந்த குரூப் பேச்சோட ஸ்கிரீன்ஷாட் சித்தப்பா கண்ணுலயும் பட்டுடுச்சு. "இனிமே லிங்கை நீயே போட்டுக்க"ன்னாரு, அவ்வளவுதான். ஊருக்கே மனு அடிச்சுக் குடுத்த மனுஷன்.

ரெண்டாவது பேரையும் நாங்களே வாங்கிடலாமேன்னு சிலர் ரொம்ப சுலபமா சொல்றீங்க. ஓசியில டியூஷன் எடுக்கிற இடம் இது, வருஷா வருஷம் புதுப்பிக்கக் காசு வேணும். சொன்னவங்க யாராவது கட்டறீங்களா? பில்லை இன்பாக்ஸ்ல அனுப்பறேன்.