போல் பொசிஷன் என்றால் வெற்றி இல்லை

ஒருவர், ஃபார்முலா 1 கார் பந்தயங்களில் 'போல் பொசிஷன்' என்றால் பந்தயத்தில் முதலிடம் பிடித்தது என்று எழுதியிருக்கிறார். நிறையப் பேர் அதையே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

போல் பொசிஷன் என்பது பந்தயம் தொடங்கும்போது முன்வரிசையில் கிடைக்கும் முதல் இடம்தான். முந்தைய தகுதிச் சுற்றில் யார் வேகமாக ஓட்டினாரோ அவருக்குப் பொதுவாக அது கிடைக்கும். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். அங்கே 'போல்' என்றால் ஓடுபாதையின் உட்பக்கக் கம்பம், ஆங்கிலத்தில் 'போல்' என்றே சொல்லப்படும் வட துருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை (நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்!).

2022 மொனாக்கோ பந்தயத்தைப் பாருங்கள். போல் எடுத்த ஓட்டுநர் லெக்லேர். வென்றவர் பெரெஸ். லெக்லேர் முடித்தது நான்காவதாக. இன்னொரு ஓட்டுநரான அயர்ட்டன் சென்னா தன் ஃபார்முலா 1 வாழ்க்கையில் 65 முறை போல் எடுத்தார், வென்றது 41 பந்தயங்கள்.

சந்தேகம் இருந்தால் ஃபார்முலா 1 தளத்தில் ஏதாவது ஒரு பந்தயத்தின் தகுதிச் சுற்று முடிவையும் பந்தய முடிவையும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். இரண்டும் தனித்தனிப் பட்டியல்கள். சில பந்தயங்களில் இரண்டிலும் முதல் பெயர் ஒன்றாகவே இருக்கும், அதனால் நாலைந்து பந்தயங்களைப் பார்ப்பது நல்லது.