ஏழாம் வேற்றுமையில் என் பெயர்

"டேய், இதக் கொண்டுபோயி -----ல போட்டுட்டு வா."

கோடிட்ட இடத்தில் இருப்பது எங்கள் குடும்பப் பெயர். இங்கே எழுத மாட்டேன், எழுதினால் உங்கள் தெருவுக்கும் பரவிவிடும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இன்று காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டு அக்கா தன் பையனிடம் சொன்னது இது. அவன் குப்பைக் கவரைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் கேட்டுக்கு வருகிறான். நான் காபி டம்ளரோடு அங்கேயே நிற்கிறேன். "குட் மார்னிங் அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கவரை என் காலடியில் வைத்துவிட்டுப் போகிறான். முடிச்சுகூடப் போடவில்லை. உள்ளே இரண்டு சங்கரா மீன் தலைகள், வாயைப் பிளந்தபடி என்னையே பார்க்கின்றன.

சரி, பெயர்ச்சொல்லோடு நின்றதா? பக்கத்து வீட்டுக்காரர் போனில் "அந்தப் பழைய மெத்தையா, நேத்தே ----- பண்ணிட்டேன்" என்கிறார். வினைச்சொல்லும் ஆகிவிட்டோம். ஆட்டோக்காரர்களுக்கு அதே பெயர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பவேண்டிய முனை.

1881-இல், இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன், சாதி வழக்கத்தைத் துறந்து குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை போட்டபோது, கையெழுத்துப் போட்டு எங்கள் முன்னோர் எடுத்துக்கொண்ட பெயர் ஐயா இது! எத்தனை ஆசையோடு தேர்ந்தெடுத்தாரோ.

பிரான்சில் இருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) சித்தப்பாவிடம் போனில் புலம்பினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். யூஜீன் பூபெல் என்றொரு பெரிய அதிகாரி 1883-இல், பாரிஸில் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் மூடிபோட்ட குப்பைத்தொட்டி வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டாராம். அழுகுவது, காகிதமும் துணியும், கண்ணாடியும் சிப்பி ஓடும் என்று மூன்றாகப் பிரிக்கவும் சொன்னாராம். அன்றுமுதல் தொட்டிக்கே பூபெல் என்று பெயர். ஓட்டை உடைசல் காரும் பூபெல்தான். "நீயும் சரித்திரத்துல இடம் புடிச்சிட்ட போடா" என்கிறார்.

அந்த மனுஷன் தொட்டி வைக்கச் சொன்னார், பெயர் ஒட்டிக்கொண்டது. நான் என்ன செய்தேன்? கேட்டுக்கு வெளியே அரையடி இடம் விட்டு வீடு கட்டினேன். அங்கே பிரிப்பதும் கிடையாது, மூடியும் கிடையாது. மீன் தலையும் மெத்தையும் ஒரே குடும்பம்.

மதியம் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல். "ஏங்க, இந்தச் சாம்பார் ஊசிப்போச்சு, -----ல கொட்டிடவா?"

அவளுக்கும் அதே பெயர்தான்! ஆதாரிலேயே இருக்கிறது. ஆதாரில் அதையும் தப்பாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். மூன்று தடவை திருத்தப் போய் வந்தாயிற்று.